வழிகாட்டியின் பங்கு



தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே சிலர் கூட்டமாக நிற்பார்கள். முதுகில் பெரிய பை இருக்கும். காலில் கனமான பூட்ஸ் இருக்கும். பட்டாளத்துக்குப் போகிறவர்களோ என்று தோன்றும்.

அவர்கள் பட்டாளத்துக்குப் போகவில்லை. மலை ஏறப் போகிறார்கள்.

எந்த மலை? அகஸ்தியர்கூடம். தமிழில் அதைப் பொதிகை மலை என்றும் சொல்கிறோம். அதன் உயரம் 1868 மீட்டர். அடிக் கணக்கில் சொன்னால் 6100 அடிக்கும் மேல். திருவனந்தபுரம் மாவட்டத்தில் இதைவிட உயரமான சிகரம் இல்லை.

இந்த மலைக்கும் நமக்கும் என்ன தொடர்பு?

காலையில் குழாயைத் திறக்கிறீர்கள். தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீர் அருவிக்கரையிலிருந்து வருகிறது. அருவிக்கரைக்குக் கரமனை ஆறு கொண்டுவருகிறது. கரமனை ஆறு அகஸ்திய மலைக் காடுகளில் பிறக்கிறது. நெய்யாறும் அந்த மலைத் தொடரில்தான் பிறக்கிறது. மலையின் மறுபக்கம் தமிழ்நாடு. அங்கே தாமிரபரணி பிறக்கிறது. அது திருநெல்வேலி வயல்களுக்குப் பாய்கிறது. ஒரே மலை இரண்டு மாநிலங்களுக்கும் தண்ணீர் தருகிறது.

இந்த மலைக்கு எப்படிப் போவது?

நினைத்தவுடன் போக முடியாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆண்டுதோறும் தை, மாசி மாதங்களை ஒட்டித்தான் அனுமதி கிடைக்கும். அப்போது மழை குறைவு. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. முன்னதாகவே பெயரைப் பதிவு செய்ய வேண்டும். உடல்நலச் சான்றும் வேண்டும். பிளாஸ்டிக் பொருள்களைக் காட்டில் போடக் கூடாது. மதுவும் புகையும் கூடவே கூடாது.

தம்பானூரில் பஸ் ஏறினால் நெடுமங்காடு, விதுரா வழியாகப் போணக்காடு போகலாம். போணக்காட்டில் ஒரு பழைய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தோட்டம் மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இன்னும் நிற்கின்றன. அங்கிருந்து நடை தொடங்கும்.

மொத்தம் மூன்று நாள் நடை. முதல் நாள் சுமார் 15 கிலோமீட்டர். வழியில் ஓடைகளைக் கடக்க வேண்டும். அடர்ந்த காடு வரும். பிறகு ஆள் உயரப் புல் வளர்ந்த மேடு வரும். அங்கே நிழல் இல்லை. வெயில் சுடும். மாலையில் அதிருமலை என்ற இடத்தில் தங்குவார்கள். இரண்டாம் நாள் சுமார் 6 கிலோமீட்டர் ஏற வேண்டும். தூரம் குறைவுதான். ஆனால் ஏற்றம் செங்குத்து. கடைசியில் வழுக்குப் பாறை. கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். உச்சியில் அகத்தியர் சிலை இருக்கிறது. காற்று பலமாக அடிக்கும். மேகம் கையைத் தொட்டுப் போகும். மூன்றாம் நாள் திரும்பி வருவார்கள்.

பெண்கள் போகலாமா என்று இங்கே ஒரு தாய் கேட்கலாம். நல்ல கேள்வி. போகலாம். முன்பு பெண்களுக்கு உச்சி வரை போக அனுமதி இல்லை. சில பெண்கள் நீதிமன்றம் போனார்கள். ஆண், பெண் என்று வேறுபாடு காட்டக் கூடாது என்று 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற அதிகாரி அந்தத் தீர்ப்புக்குப் பிறகு உச்சியை அடைந்த முதல் பெண் ஆனார். அது எங்கள் தெய்வத்தின் இடம் என்று காணி மக்களில் பலர் வருத்தம் தெரிவித்தார்கள். ஆனால் யாரையும் அவர்கள் தடுக்கவில்லை.

காணி மக்கள் யார்? இன்றைய பேச்சே அவர்களைப் பற்றித்தான்.

மலை ஏறுகிறவர் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். எல்லோருக்கும் முன்னால் ஒருவர் நடப்பார். அவர் முதுகில் பெரிய பை இருக்காது. சில சமயம் காலில் செருப்புகூட இருக்காது. கையில் ஒரு வெட்டுக்கத்தி மட்டும் இருக்கும். திடீரென்று நிற்பார். கையைத் தூக்குவார். கூட்டமும் நிற்கும். ஏன்? யானை லத்தி சூடாகக் கிடக்கிறது. ஈத்தைக் காட்டில் கிளை முறியும் சத்தம் கேட்கிறது. மற்றவர்களுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியும். யானை விலகிப் போகும் வரை காத்திருப்பார். பிறகு மெல்ல நடப்பார்.

அவர்தான் வழிகாட்டி. அவர் காணி இனத்தைச் சேர்ந்தவர்.

காணி மக்கள் இந்த மலைக் காடுகளின் பழங்குடிகள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். ஊர்த் தலைவரை மூட்டுக்காணி என்பார்கள். மருந்து அறிந்தவரைப் பிலாத்தி என்பார்கள். தேன் எந்தப் பாறையில் இருக்கும், எந்தக் கிழங்கு எந்த மாதம் முற்றும், எந்த இலை காயத்தை ஆற்றும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இது எந்தப் புத்தகத்திலும் படித்தது அல்ல. பாட்டனிடமிருந்து பேரனுக்கு வாய் வழியாக வந்த அறிவு.

இந்த மலைக்கு வெளிநாட்டுக்காரரும் வந்தார். அது பழைய கதை.

அவர் பெயர் ஜான் ஆலன் புரவுன். ஸ்காட்லாந்து நாட்டுக்காரர். 1852-ல் திருவனந்தபுரம் வந்தார். இங்குள்ள வானியல் ஆய்வுக் கூடத்துக்குத் தலைவர் ஆனார். திருவனந்தபுரத்தில் அருங்காட்சியகம் தொடங்கப் பாடுபட்டவரும் அவர்தான். 1855-ல் அவர் அகஸ்திய மலை உச்சியிலும் ஓர் ஆய்வுக் கூடம் கட்டினார். எதற்காக? காந்த ஊசி எப்போதும் வடக்கு நோக்கும் அல்லவா? ஆனால் அது நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சிறிது அசையும். கீழே நகரத்தில் ஊசி எப்படி அசைகிறது, மேலே மலையில் எப்படி அசைகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினார். அந்தக் கணக்குகள் 1874-ல் லண்டனில் புத்தகமாக வந்தன.

அந்தக் காலத்தில் போணக்காட்டுக்குப் பஸ் இல்லை. கருவிகள் தாமாக மலை ஏறாது. யாரோ பாதை வெட்டினார்கள். யாரோ தலையில் சுமந்தார்கள். புரவுன் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. சுமந்தவர் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை.

உலகில் எந்த மலைக்குப் போனாலும் இதே கதைதான்.

எவரெஸ்ட் சிகரத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகிலேயே உயரமானது. 8848 மீட்டர் உயரம். நேபாள நாட்டின் எல்லையில் இருக்கிறது. அகஸ்தியர்கூடத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். பல நாட்டுக்காரர்கள் அங்கே போய் முயன்றார்கள். முடியவில்லை. 1953 மே 29 அன்று இருவர் உச்சியில் கால் வைத்தார்கள். ஒருவர் எட்மண்ட் ஹிலாரி. நியூசிலாந்து நாட்டுக்காரர். தேனீ வளர்ப்பது அவர் தொழில். மற்றவர் டென்சிங் நோர்கே. அவர் ஷெர்ப்பா இனத்தவர். ஷெர்ப்பாக்கள் இமயமலையில் வாழும் மக்கள். மலை ஏற வருகிறவர்களுக்குச் சுமை தூக்குவார்கள். வழியும் காட்டுவார்கள்.

டென்சிங்கும் முதலில் சுமை தூக்கியவர்தான். அவருக்குப் பல மொழிகள் பேச வரும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. அவர் தன் வாழ்க்கைக் கதையை வாயால் சொன்னார். ஓர் எழுத்தாளர் அதை எழுதினார். 1955-ல் அது புத்தகமாக வந்தது. உலகத்தின் உச்சியில் நின்ற மனிதர், தன் கதையை எழுத இன்னொருவர் கையை நம்ப வேண்டியிருந்தது.

ஷெர்ப்பாக்கள் இதை உணர்ந்திருந்தார்கள். ஹிலாரி பிறகு அவர்கள் ஊர்களுக்குப் போனார். அவர்கள் தங்கள் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார்கள். 1961-ல் கும்ஜுங் என்ற ஊரில் ஹிலாரி பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தார். மலையை அறிந்தவர்கள் ஏன் எழுத்தைக் கேட்டார்கள்? அதற்கு விடை நம் அகஸ்திய மலையிலேயே இருக்கிறது. கேளுங்கள்.

1987 டிசம்பர் மாதம். விஞ்ஞானிகள் குழு ஒன்று அகஸ்திய மலைக் காட்டுக்குள் போனது. பழங்குடி மக்களின் அறிவைப் பற்றி ஆராய்வது அவர்கள் வேலை. பி. புஷ்பாங்கதன் என்ற விஞ்ஞானி தலைமை தாங்கினார். காணி இளைஞர்கள் வழி காட்டினார்கள்.

ஏற ஏற விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. கால் நடுங்கியது. காணி இளைஞர்களோ களைப்பே இல்லாமல் நடந்தார்கள். அவ்வப்போது சிறிய பழம் ஒன்றை வாயில் போட்டு மென்றார்கள். அதை விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள். தின்று பார்த்த விஞ்ஞானிகளுக்கும் புதுத் தெம்பு வந்தது.

இது எந்தச் செடியின் பழம் என்று கேட்டார்கள். காணிகள் சொல்லத் தயங்கினார்கள். வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பலமுறை கேட்ட பிறகு, தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி சொன்ன பிறகு, செடியைக் காட்டினார்கள். தரையோடு வளரும் சிறு செடி. காணிகள் அதைச் சாத்தன் களஞ்சு என்பார்கள். இன்று அதை ஆரோக்கியப்பச்சை என்கிறார்கள். காட்டிய காணிகளில் மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகியோர் பெயர்கள் வெளியே தெரிந்தன.

விஞ்ஞானிகள் செடியை ஆராய்ந்தார்கள். பாலோட்டில் ஒரு தாவரவியல் பூங்காவும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அங்கே பல ஆண்டுகள் வேலை நடந்தது. களைப்பைப் போக்கும் சக்தி அந்தச் செடிக்கு இருப்பது தெரிந்தது. இன்னும் மூன்று மூலிகைகளைச் சேர்த்து ஒரு மருந்து செய்தார்கள். அதற்கு ஜீவனி என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது ஒரு கேள்வி. மருந்து விற்றால் பணம் வரும். அந்தப் பணம் யாருக்கு?

மருந்தைச் செய்தவர் விஞ்ஞானி. விற்பவர் கம்பெனிக்காரர். ஆனால் செடியைக் காட்டியவர் யார்? காணி. அவர் காட்டாவிட்டால் மருந்து ஏது?

உலகில் பல இடங்களில் செடியைக் காட்டியவருக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. ஒரு நன்றி கிடைத்தால் பெரிது. இங்கே அப்படி நடக்கவில்லை. 1995-ல் பாலோட்டு நிலையம் மருந்து செய்யும் உரிமையைக் கோயம்புத்தூரில் உள்ள ஓர் ஆயுர்வேதக் கம்பெனிக்குக் கொடுத்தது. உரிமைக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். அது தவிர, விற்பனையில் 100 ரூபாய்க்கு 2 ரூபாய் பங்கு. இப்படி நிலையத்துக்கு வரும் பணத்தில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவு செய்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்சத்தில் பாதி 5 லட்சம். 2 ரூபாயில் பாதி 1 ரூபாய். 100 ரூபாய்க்கு மருந்து விற்றால் காணி மக்களுக்கு 1 ரூபாய். இது போதுமா? போதாது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒன்றுமே கிடைக்காத இடத்தில் இது ஒரு தொடக்கம் என்று சொல்கிறவர்களும் உண்டு. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பணத்தை யார் கையில் கொடுப்பது? செடியைக் காட்டிய சிலருக்கு மட்டுமா? அது முழு இனத்தின் அறிவு அல்லவா? அதனால் 1997-ல் காணி மக்களின் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. காணிகளே அதன் உறுப்பினர்கள். 1999-ல் அறக்கட்டளையின் கணக்கில் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் வந்து சேர்ந்தது. உலகமே இதைத் திரும்பிப் பார்த்தது. 2002-ல் தென் ஆப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரில் பெரிய உலக மாநாடு நடந்தது. அங்கே புஷ்பாங்கதனுக்கு ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் பரிசு கொடுத்தார்கள்.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்ததா? இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

காணி மக்கள் பல ஊர்களில் சிதறி வாழ்கிறார்கள். சில ஊர்க்காரர்களிடம்தான் முதலில் பேசினார்கள். மற்ற ஊர்களில் பலருக்கு விவரம் தெரியவில்லை. எங்கள் அறிவைக் கம்பெனிக்கு விற்க இவர்கள் யார் என்று சிலர் கேட்டார்கள். 1995-ல் பிலாத்திகள் ஒன்பது பேர் சேர்ந்து முதலமைச்சருக்குக் கடிதம் அனுப்பி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அறக்கட்டளை தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

செடியை வளர்ப்பதிலும் சிக்கல் வந்தது. காணிக் குடும்பங்கள் இலையை வளர்த்து விற்கலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. காட்டுச் செடி அழிந்துவிடும் என்று வனத்துறை அஞ்சியது. செடி கிடைக்காவிட்டால் மருந்து ஏது? மருந்து விற்காவிட்டால் பங்கு ஏது? எதிர்பார்த்த அளவு பணம் வரவில்லை.

இந்தக் கதையில் எவ்வளவு காகிதம் வருகிறது என்று கவனித்தீர்களா? உரிமைப் பத்திரம், அறக்கட்டளைப் பதிவு, வங்கிக் கணக்கு, வனத்துறை அனுமதி, முதலமைச்சருக்குக் கடிதம். காட்டில் காணி முன்னால் நடந்தார். விஞ்ஞானி பின்னால் நடந்தார். காகிதக் காட்டுக்குள் வந்தவுடன் முறை மாறிவிட்டது. படித்தவர் முன்னால் போனார். காணி பின்னால் நடக்க வேண்டியதாயிற்று. அவர் அறிவு குறைந்துவிடவில்லை. இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். அதனால்தான் எவரெஸ்ட் அடிவாரத்து ஷெர்ப்பாக்கள் பள்ளிக்கூடம் கேட்டார்கள்.

இன்று ஒரு நல்ல செய்தி உண்டு. 2002-ல் நம் நாட்டில் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஊர் மக்களின் செடியையும் அறிவையும் வைத்து வணிகம் செய்கிறவர், அதன் பயனில் ஊர் மக்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று அது சொல்கிறது. ஒவ்வொரு ஊராட்சியிலும் நகராட்சியிலும் இதற்காக ஒரு குழு இருக்க வேண்டும். அந்தக் குழு ஒரு பதிவேடு எழுத வேண்டும். அந்த ஊரில் என்ன மரம், என்ன மூலிகை, என்ன மீன், என்ன விதை இருக்கிறது, அவற்றை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அதில் எழுதுவார்கள். அதற்கு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று பெயர். நீங்கள் சொன்னால்தான் அதில் ஏறும். சரியாக ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்க்கவும் உங்களால் முடியும். இப்போது உங்களுக்கு எழுத்து தெரியும் அல்லவா?

நாங்கள் காணிகள் அல்லவே, எங்களிடம் என்ன அறிவு இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வலியதுறையில் மீன் பிடிப்பவருக்குக் கடலின் நிறம் பார்த்துக் காற்று தெரியும். பலராமபுரத்தில் தறி நெய்பவருக்கு நூலின் கணக்கு தெரியும். சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குபவருக்கு எந்தச் சுமையை எப்படி ஏற்றினால் முதுகு நோகாது என்று தெரியும். வீட்டுப் பாட்டிக்குக் குழந்தையின் வயிற்று வலிக்கு எந்த இலை என்று தெரியும். இதெல்லாம் அறிவுதான். இதற்கு விலை உண்டு. மரியாதையும் உண்டு.

ஆகவே மூன்று காரியங்கள் செய்யுங்கள்.

முதலாவது, உங்களுக்குத் தெரிந்ததை உங்கள் கையால் எழுதி வையுங்கள். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். டென்சிங்குக்கு வேறொருவர் எழுத வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அவசியம் இல்லை.

இரண்டாவது, யாராவது காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், முதலில் படியுங்கள். மெதுவாகப் படியுங்கள். எவ்வளவு பணம், யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். கேட்பது வெட்கம் அல்ல. படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் ஆபத்து.

மூன்றாவது, ஒரு நாள் நீங்களும் மலைக்குப் போங்கள். உங்கள் பிள்ளைகளையாவது அனுப்புங்கள். உங்கள் குழாயில் வரும் தண்ணீர் பிறக்கும் இடத்தைப் பாருங்கள். முன்னால் நடக்கும் காணி நண்பரின் பெயரைக் கேளுங்கள். திரும்பி வந்து யாரிடமாவது கதை சொல்லும்போது, மலையின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வழிகாட்டிக்கும் பெயர் உண்டு. பங்கும் உண்டு.